தினமும் வர முடியுமா?

மனச்சோர்வுக்கான காந்தச் சிகிச்சைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "தினமும் வர முடியுமா?" என்பதைத்தான். நோய் எத்தனை மாதமாக இருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டார், தூக்கம் எப்படி, சாகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதையெல்லாம் டாக்டர் கேட்டுச் சீட்டில் எழுதியிருப்பார். வீடு எங்கே, வேலை என்ன, ஷிஃப்ட் எப்போது, கூட வர யார் இருக்கிறார்கள் என்பதை நான் கேட்டு எழுதிக்கொள்வேன். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வர வேண்டும். மனச்சோர்வு பிடித்தவருக்குக் காலையில் பாயை விட்டு எழுவதே பெரும்பாடு. குளித்து, தலை வாரி, தெருவில் இறங்கி நாலு பேர் முகத்தைப் பார்க்கத் தெம்பு இருக்காது. நோய் எதைப் பறித்துக்கொண்டதோ அதையேதான் இந்தச் சிகிச்சை கேட்கிறது. வடசென்னையில் மனநலச் செவிலியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன்; இப்போது புழலில் ஒரு சிறிய மருத்துவமனையில் இந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளின் கடைசியில், மூளைக்கு மின்சாரம் என்றால் ஈ.சி.டி. ஒன்றுதான். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிவைத்தது. எங்கள் பக்கத்தில் அதை 'கரண்டு வெக்கிறது' என்பார்கள். ஆரம்பத்தில் நான் இருந்த ஓர் இடத்தில் மயக்க மருந்து இல்லாமலே கொடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கொடுக்கப் பணம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். தோளை இரண்டு பேர், இடுப்பை ஒருவர், முழங்காலை ஒருவர் என்று பிடித்துக்கொள்வோம். வாயில் துணி சுற்றிய கட்டை. சில நொடி மின்சாரம், அதைத் தொடர்ந்து வலிப்பு. அடுத்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் பயம்தான் இரண்டு தலைமுறையாக எங்கள் தெருக்களில் கதையாக உலவுகிறது. சினிமா அதை இன்னும் ஊதிப் பெருக்கியது.

பிறகு காலம் மாறியது. தயோபென்டோன் போட்டுத் தூங்கவைத்து, ஸ்கோலின் போட்டுத் தசைகளைத் தளரவிட்டு, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே செய்யும் முறை வந்தது. உடம்பு தூக்கிப் போடாது. வலிப்பு சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? ஸ்கோலின் ஏற்றும் முன் ஒரு காலில் பி.பி. பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவோம். மருந்து அந்தப் பாதத்துக்கு இறங்காது. ஆள் அமைதியாகத் தூங்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். அதை நொடி எண்ணிக் குறித்துக்கொள்வது என் வேலை. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை போட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அந்த பெஞ்சில் காத்திருந்தவர்கள்.

ஆனால் ஈ.சி.டி.யைப் பழித்துப் பேச என்னால் முடியாது. திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணவர் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. சோறு இறங்கவில்லை, தண்ணீர் வைத்தால் வாயோரம் வழிந்துவிடும். குடல் அழுகிவிட்டது, தான் ஏற்கெனவே செத்துவிட்டோம் என்று மட்டும் எப்போதாவது முணுமுணுப்பார். நான்காவது ஈ.சி.டி. முடிந்த மறுநாள் காலையில், "ஒரு டீ குடும்மா" என்று கேட்டார். அவருடைய மகன் கடைக்கு ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சில வார நினைவுகள் அவருக்கு மங்கிப் போயின. உயிர் இருந்தது. சாப்பாடு தண்ணீர் மறுத்துக் கிடப்பவருக்கும், இன்றோ நாளையோ உயிரை மாய்த்துக்கொள்வார் என்ற நிலையில் இருப்பவருக்கும் இன்றைக்கும் ஈ.சி.டி.யைத்தான் டாக்டர்கள் நம்புகிறார்கள். அங்கே காந்தத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது.

காந்தம் தேவைப்படுவது வேறு ஒரு கூட்டத்துக்கு. நடக்கிறார்கள், பேசுகிறார்கள், வேலைக்கும் எப்படியோ போய்வருகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாத்திரை மாற்றியும் நெஞ்சில் உட்கார்ந்த பாரம் இறங்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டார் டி என்ற பெரிய ஆய்வு 2006இல் ஓர் உண்மையைச் சொன்னது. இரண்டு மருந்து பலிக்காமல் போனவர்களில், மூன்றாவது மருந்தில் முழுக்கத் தேறுகிறவர் ஏழு பேரில் ஒருவர் அளவுதான். மீதி ஆறு பேரில் பலரை நான் ஓ.பி.யில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். "இன்னா சிஸ்டர், அதே மாத்திரை தானா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

தலையோட்டைத் திறக்காமல் காந்தத்தால் மூளையைத் தூண்டலாம் என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் கூட்டாளிகளும் 1985இலேயே காட்டிவிட்டார்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2008 அக்டோபரில். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் ராஞ்சி மத்திய மனநல நிறுவனத்திலும் ஆய்வுகள் நடந்தன. எங்கள் டாக்டர் இயந்திரம் வாங்கியபோது, அதை இயக்கக் கற்றுக்கொள்ள என்னைத்தான் அனுப்பினார். ஈ.சி.டி. அறையில் கால் பாதத்தைப் பார்த்து எண்ணிய கண், இப்போது கைக் கட்டைவிரலைப் பார்த்து எண்ணக் கற்றுக்கொண்டது.

வருகிறவர்களின் முதல் கேள்வி, "கரண்டு வெப்பீங்களா?" என்பதுதான். அவர்களுக்கு நான் இண்டக்ஷன் அடுப்பைச் சொல்லி விளக்குவேன். அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் இருப்பது கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது உண்டாகும் காந்தம், மேலே வைத்த பாத்திரத்துக்குள் தானே ஒரு மின்னோட்டத்தைக் கிளப்பிவிடுகிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த விதி. எங்கள் இயந்திரத்திலும் அதே விதிதான். எட்டு வடிவத்தில் சுற்றிய காயிலைத் தலையில் ஒட்டினாற்போல் வைக்கிறோம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத காந்தத் துடிப்பு தோல், எலும்பு எல்லாவற்றையும் தாண்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மூளைப் பரப்பில் மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. துடிப்பின் உச்சத்தில் காந்தத்தின் பலம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்துக்குச் சமமாக இருக்கும். மயக்க மருந்து வேண்டாம். முடிந்ததும் தானே எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம்.

எல்லோருக்கும் ஒரே அளவு வைக்க முடியாது. முதல் நாள் தலையின் இடப்பக்கத்தில் காயிலை மெல்ல நகர்த்திக்கொண்டே போவோம். ஓரிடத்தில் வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். எத்தனையோ வருஷமாகத் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்துத் துடிப்பு கொடுத்தால் ஐந்து தடவை விரல் துள்ளுகிற குறைந்த அளவு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவருடைய அளவு. சிகிச்சைக்கு வழக்கமாக அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டி வைப்போம். பிறகு காயிலை நெற்றிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் விரல் துடித்த இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் என்று கணக்கு. சின்னத் தலைக்கும் பெரிய தலைக்கும் ஒரே 5 சென்டிமீட்டர் என்றால் இடம் தவறும். இப்போது டேப்பை வைத்து மூக்கின் மேலிருந்து பிடரி வரை, காதிலிருந்து காது வரை, தலையின் சுற்றளவு மூன்றையும் அளந்து இடத்தைக் குறிக்கிறோம். இந்த அளவெடுப்பில் அவசரப்படுகிற இடத்தில் சிகிச்சை எடுக்க வேண்டாம் என்று தெரிந்தவர்களிடம் சொல்வேன்.

புத்தகத்தில் இருக்கும் எச்சரிக்கைப் பட்டியலுக்கு எண்ணூர், மணலி, திருவொற்றியூர் தனி அர்த்தம் கொடுத்தன. தலைக்குள்ளோ தலைக்குப் பக்கத்திலோ உலோகம் இருக்கக் கூடாது என்பது விதி. காது கேட்கப் பொருத்திய கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர் பற்றிக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். இங்கே நான் சேர்த்துக்கொண்ட கேள்வி, "லேத்துல, வெல்டிங்குல வேலை பார்த்தீங்களா? கண்ணுல இரும்புத் தூள் பட்டிருக்கா?" என்பது. ஒரு ஃபிட்டர் அண்ணன் முதலில் இல்லை என்றார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் கிரைண்டிங் வேலையில் கண்ணில் ஏதோ தெறித்தது, கூட இருந்தவர் துணி நுனியால் எடுத்தார் என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே நாற்காலியில் உட்காரவைத்தோம். இரும்போடு வேலை பார்க்கிறவருக்குக் கண்ணில் தூள் விழுவது ஒரு விபத்தாகவே தோன்றாது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது தூக்கம். இந்தச் சிகிச்சையால் வலிப்பு வருவது மிக அபூர்வம், ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தூக்கம் கெட்டால் அந்த ஆபத்து கூடும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் கூடும். துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வருகிறவர், கன்டெய்னர் லாரியில் வரிசையில் காத்திருந்து கண் விழித்த டிரைவர், இவர்களுக்கு அன்றைக்குச் சிகிச்சை கிடையாது. "வந்ததுக்கு வெச்சுட்டுப் போங்க சிஸ்டர்" என்பார்கள். "ஷிஃப்ட் மாறினதும் வாங்கண்ணா, இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்று திருப்பி அனுப்புவேன். எத்தனை பெக், கடைசியாக எப்போது என்பதையும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். முகம் சுளித்தால் பொய்தான் பதிலாக வரும்.

பெண்களுக்கு வேறு கவலைகள். காதில் கம்மல், தலையில் ஹேர்பின் எதுவும் கூடாது. தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்தே ஸ்கேனுக்கு வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். தாலி நெஞ்சுப் பக்கம் இருப்பது, காயிலுக்கு எட்டாது, கழற்ற வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பயம் அங்கேயே குறைந்துவிடும். காயில் போடும் டக் டக் சத்தம் பெரிது, அதனால் காதில் பஞ்சடைப்பு கட்டாயம். பாய்லர் பக்கத்திலும் இயந்திரங்களுக்கு நடுவிலும் இருந்து ஏற்கெனவே காது மந்தமானவர்கள் இங்கே நிறைய. "பழகிப்போச்சு சிஸ்டர், வாணாம்" என்றாலும் விடுவதில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஆட்கள் பாதியில் நின்றார்கள். அதுதான் என்னை யோசிக்கவைத்தது. அப்போது ஒரு அமர்வுக்கு 37 நிமிஷத்துக்கு மேல் ஆகும். நான்கு நொடி துடிப்பு, 26 நொடி ஓய்வு என்று போய் 3,000 துடிப்பில் முடியும். அமரவைக்க, அளக்க, எழுந்து போக என்று சேர்த்தால் ஒரு மணி நேரம். திருவொற்றியூரிலிருந்து மூலக்கடை வந்து பஸ் மாறிப் புழல் வந்து திரும்பினால் அரை நாள் போச்சு. தினக்கூலிக்காரருக்கு அரை நாள் என்பது ஒரு நாள் சம்பளம். துணைக்கு வருகிறவருக்கும் போனால் இரண்டு சம்பளம். முழுச் சுற்றுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். படுக்கையில் சேராமல் வந்துபோகிற சிகிச்சை என்பதால் காப்பீட்டில் பணம் வாங்க முடியாமல் போனவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம். இரண்டாம் வாரம் பாதியில் நின்றவரைக் கேட்டால், "பலன் இல்ல" என்பார். பலன் தெரியத் தொடங்குவதே பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில்தான்.

காசிமேட்டு மீனவர் ஒருவர் எனக்கு ஒரு வழி காட்டினார். விசைப்படகில் போகிறவர், தம்பியைக் கடலில் இழந்தவர். நான் கேட்ட கேள்விக்கு, "இப்போ முடியாதும்மா, தடைக்காலத்துல வர்றேன்" என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆறு வாரச் சிகிச்சைக்கு அது தாராளம். அதுவரை மாத்திரையிலும் டாக்டரின் நேரடிக் கண்காணிப்பிலும் இருந்தார். சொன்னபடி வந்தார், ஒரு நாள் விடாமல் முடித்தார். மூன்றாவது வாரத்தின் முடிவில் அவர் மனைவி என்னிடம் வந்து, "நேத்து குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாரு சிஸ்டர்" என்றார். ஒரு வருஷமாக எதை வைத்தாலும் ருசி சொல்லாமல் சாப்பிட்டவர். முன்னேற்றம் இப்படித்தான் வரும். முதலில் தூக்கம், அப்புறம் ருசி, அப்புறம் கோபமும் பேச்சும். நோயாளிக்குத் தெரியும் முன்னால் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மனச்சோர்வு அளவுகோல் தாளை நிரப்புவதோடு நிறுத்தாமல் வீட்டாரிடமும் கேட்கிறேன். அந்த வருஷத்திலிருந்து மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்காலத்தில் இடம் ஒதுக்கிவைக்கிறோம்.

2018இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 414 பேரை வைத்துச் செய்தது, லான்செட் இதழில் வெளியானது. தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் மூன்று நிமிஷம் கொடுப்பது, 37 நிமிஷம் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. எஃப்.டி.ஏ. அதே வருஷம் அதற்கும் அனுமதி கொடுத்தது. டாக்டர் எனக்கு அதைப் படித்துச் சொன்னபோது, நான் பார்த்தது வருகைப் பதிவேட்டைத்தான். அளவெடுப்பு, அமரவைப்பு எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்தில் ஒருவரை அனுப்பிவிடலாம். காலை ஷிஃப்ட் போகிறவர் வேலைக்கு முன்னாலேயே வந்துபோகலாம். காந்தம் அதேதான், மூளையும் அதேதான். ஆனால் முன்பு சிகிச்சையை முடிக்க முடியாதவர்கள் முடித்தார்கள். நான் கண்ட மாற்றங்களில் பெரியது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு ஈடான இன்னொரு மாற்றம் மருத்துவத்துக்கு வெளியே இருந்து வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய் வந்துகொண்டிருந்தார். மகன் புழல் சிறையில் விசாரணைக் கைதி. மனு போட்டு அவனைப் பார்க்க வருகிற நாளில்தான் எங்கள் மருத்துவமனைக்கும் வருவார். மாத்திரைகள் மாற்றி மாற்றிக் கொடுத்தும் தேறவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், கேட்டால் மகனைப் பற்றிய பேச்சு வரும். டிக்கெட் இல்லை என்றானதும் யாரையும் கேட்காமல் தினமும் வரத் தொடங்கினார். "இன்னிக்கு அவன் முன்னாடி அழாம பேசிட்டு வந்தேன் சிஸ்டர்" என்று ஒரு நாள் சொன்னார். அந்தக் குணத்தில் காயிலுக்கு எவ்வளவு பங்கு, பஸ்ஸுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பஸ் இல்லாமல் காயில் அவர் தலையை எட்டியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு 2009 போருக்குப் பிறகு தூக்கமே சரியில்லை. கணவர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர். அவர் தினமும் துணைக்கு வந்தால் அடுப்பு எரியாது. "அக்கா, நாளைக்கு முகாமில செக்கிங், வரேலாது" என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லிவிடுவார். அந்த நாளைக் கழித்து அட்டவணை போட்டோம். துணைக்கு முகாம் பெண்களே முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாள் வந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களில் இருவர், பிறகு தங்களுக்காகவே டாக்டரைப் பார்க்க வந்தார்கள்.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. எங்களிடம் வருகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது, மூன்றில் ஒருவர் போல முழுக்கத் தேறுகிறார். வெளிநாட்டு மருத்துவமனைகள் வெளியிட்ட கணக்கும் ஏறத்தாழ அப்படித்தான். மீதிப் பேரிடம் என்ன சொல்வது என்பது எங்கள் தொழிலின் கடினமான பகுதி. ஓய்வுபெற்ற ஓர் ஐயா ஆறு வாரமும் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றும் மாறவில்லை. "என்கிட்டதான் கோளாறு" என்றார். "இல்லைங்கய்யா, இந்த மருந்து உங்களுக்குச் சேரல, அவ்வளவுதான். வேற இருக்கு" என்று சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போனேன். லித்தியம் சேர்த்துக் கொடுத்ததில் மெல்ல எழுந்தார். பலிக்காத நாளில் நோயாளியைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அடுத்த படி என்ன என்பது கையில் எழுத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் தெம்பு வந்து, மனசு இன்னும் தேறாமல் இருக்கும் இடைப்பட்ட நாட்களிலும் அதே கவனம் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணத்தை நடத்திப் பார்க்கும் பலம் அப்போது வந்துவிடலாம். தினமும் நேரில் பார்ப்பதால் முகத்தில் தெரியும் மாற்றம் எனக்குப் பிடிபடும். இந்தச் சிகிச்சையில் செவிலியருக்கு இருக்கும் பெரிய பொறுப்பு அது.

காந்தம் இல்லாமல் இன்னொரு முறையும் இருக்கிறது, டி.டி.சி.எஸ். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, 2 மில்லி ஆம்பியர் அளவில் இருபது முப்பது நிமிஷம் மெல்லிய மின்சாரம் ஓடவிடுவது. கருவி சின்னது, விலை மிகக் குறைவு. கொஞ்சம் குறுகுறுக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதற்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் மின்சாரம் சீராக இறங்காது. "சீயக்காய் போட்டு அலசிட்டு எண்ணெய் வெக்காம வாங்கம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நெற்றியில் விபூதியும் குங்குமமும் கரைந்து வழிந்தால் வருத்தப்படுகிறவர்களுக்காக, முடிந்ததும் வைத்துக்கொள்ள ஒரு தட்டில் இரண்டையும் எடுத்துவைத்திருக்கிறேன். இதன் பலன் பற்றிப் பெரிதாகப் பேச மாட்டேன். பிரேசிலில் 245 பேரிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், எஸ்சிடலோப்ராம் மாத்திரைக்கு இது குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. சிலருக்கு உதவுகிறது, டாக்டரின் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளலாம். பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் வீடியோ பார்த்து 9 வோல்ட் பேட்டரியில் தானே ஒன்று செய்து, நெற்றித் தோலைப் பொசுக்கிக்கொண்டு வந்தான். பரீட்சையில் ஞாபகம் கூடும் என்று எங்கோ கேட்டிருக்கிறான். தோல் ஆறியது. அவனுக்கு உண்மையில் இருந்த மனச்சோர்வை அப்போதுதான் கண்டுபிடித்தோம்.

அந்தப் பையனை நினைத்தால் விளம்பரங்கள் மேல் கோபம் வருகிறது. படிப்பு வராத பிள்ளை, உடல் பருமன், ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் ஒரே காயில் என்று சொல்லி, ஆறு வாரப் பணத்தையும் முதல் நாளே வாங்கிவிடுகிற இடங்கள் வந்துவிட்டன. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2023இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எந்த நோய்க்கு ஆதாரம் பலமாக இருக்கிறது, எதற்கு இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. சேரும் முன் சில கேள்விகள் கேளுங்கள். மனநல டாக்டர் என்னைப் பார்த்தாரா? கட்டைவிரல் அளவு எடுத்தீர்களா? வலிப்பு வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் இங்கே உண்டா? பலிக்காவிட்டால் அடுத்து என்ன? நல்ல இடம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

எங்கள் பதிவேட்டில் வெற்றிடமாகக் கிடக்கும் பக்கங்களும் உண்டு. 2016 டிசம்பர் 12இல் வார்தா புயல் அடித்தபோது நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு, பாதிச் சுற்றில் இருந்தவர்களுக்குத் தினமும் ஃபோனில் பேசுவது ஒன்றுதான் முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ராத்திரியில் ஜனங்கள் ஓடினார்கள். அடுத்த சில மாதங்களில் எண்ணூரிலிருந்து வந்தவர்கள் வலையையும் படகையும் பற்றித்தான் பேசினார்கள். கழிமுகத்தில் எண்ணெய் படிந்த இறாலை யாரும் வாங்கவில்லை என்றார்கள். அவர்களில் நோய் முற்றியவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தோம். ஆனால் காந்தம் கடனை அடைக்காது, ஆற்றைச் சுத்தம் செய்யாது. தொழில் போன துக்கத்தையெல்லாம் மூளைக் கோளாறு என்று எழுதிவிட்டால், நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள். எது நோய், எது நியாயமான துயரம் என்று பிரித்துப் பார்க்கிற டாக்டரின் அரை மணி நேரப் பேச்சுக்கு ஈடாக எந்த இயந்திரமும் இல்லை.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் இருப்பவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. வந்தவர்களும் முடிக்க முடியாமல் போவதை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். காசநோய்க்கு நம் நாடு இதை எப்போதோ புரிந்துகொண்டது. மருந்து இலவசம் என்பதோடு நிறுத்தாமல், சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கினார்கள். சிகிச்சையை முடிக்க மாத்திரை மட்டும் போதாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு அது. மனச்சோர்வுக்கும் அதே கணக்கு வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை மக்கள் எளிதில் வந்துபோகும் தூரத்தில் இருக்கிறது ஸ்டான்லி மருத்துவமனை. அப்படிப்பட்ட அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது வரை நடக்க வேண்டும். துணைக்கு வருகிறவரின் கூலியில் ஒரு பங்கையாவது அரசு ஏற்க வேண்டும். இயந்திரம் வாங்கப் போடுகிற பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல. இது இல்லாவிட்டால் வாங்கிய இயந்திரம் பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓடும்.

வீட்டில் யாராவது வாரக்கணக்கில் பேச்சு குறைந்து, ருசி இழந்து, தூக்கம் இல்லாமல் இருந்தால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமானால் 104க்கோ 14416க்கோ ஃபோன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள். மாத்திரையோ, காந்தமோ, ஈ.சி.டி.யோ எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். தினமும் அவரை எழுப்பி, குளிக்கவைத்து, கூட வரப்போவது யார் என்பதை வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, நாள்வாரியாகப் பெயர் எழுதி முடிவு செய்யுங்கள். அந்தத் தாளோடு வருகிற குடும்பத்திடம் நான் என் முதல் கேள்வியைக் கேட்பதே இல்லை.